டீச்சர் திருத்திய எண்

1

"அழிச்சிட்டீங்களா?"

"அழிக்கலடி, திருத்தி..."

"ரெண்டும் ஒண்ணுதான் டீச்சர்!"

"கத்தாதே. பஸ்ல எல்லாரும் பாக்கறாங்க."

"பாக்கட்டும். மத்த நாலு க்யூபும் ஒரே மாதிரி உடைஞ்சுது. அஞ்சாவது மட்டும் ரெண்டு மடங்கு தாங்குச்சு. நான் சத்தமா படிச்சேன், நீங்களும் தலையாட்டினீங்க."

"நீ அவசரத்துல தப்பா படிச்சிருப்பேன்னு..."

"நான் படிச்சது சரியா இருக்கும்னு ஒரு தடவகூடத் தோணலையா?"

இந்தக் கதை எனக்கு இப்படித்தான் வந்தது, பேருந்தின் முன் இருக்கையிலிருந்து. முகங்கள் தெரியாது. ஒரு நரைத்த கொண்டை, ஒரு இரட்டைப் பின்னல். இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டி உட்கார்ந்து ஒட்டுக்கேட்டேன். வீட்டில் மருமகளிடம், "அசந்து தூங்கிட்டேம்மா" என்று சொல்லிச் சமாளித்தேன்.

2

முதலில் இப்படி எழுதினேன்: கோடை வெயில் ஆய்வகத்தின் கண்ணாடிச் சன்னல்களில் பட்டு

வேண்டாம். வெயில் பேசாது. பேசுகிறவர்கள் இருந்தால்தான் எனக்குக் கதை நகரும்.

விஷயத்தை நேராகவே சொல்லிவிடுகிறேன். ஒரு பொறியியல் கல்லூரி, கோடை விடுமுறையில் ஆய்வுப் பயிற்சி நடத்துகிறது. இன்ஜினீயர் என்று ஒருவர்கூட இல்லாத குடும்பத்துப் பிள்ளைகளுக்கும், அவர்களுடைய ஆசிரியர்களுக்கும். ஒரு டீச்சர், ஒரு மாணவி, ஒரு மேசை. இந்த இருவரும் உடைந்த பாட்டில்களைத் தூளாக்கி மணலுக்குப் பதிலாகக் கான்கிரீட்டில் கலந்தார்கள். சதுரக் கட்டிகளாக வார்த்தார்கள். அதற்குத்தான் க்யூப் என்று பெயர். எந்திரத்தில் வைத்து, நொறுங்கும்வரை அழுத்தினார்கள். ஐந்தாவதை மட்டும் அந்தப் பெண் மொட்டைமாடிச் சூட்டில், ஈரச் சாக்கைப் போர்த்தி இறுக விட்டிருக்கிறாள். அவளாக யோசித்தது.*

(* "ஏன்டி அங்க கொண்டுபோய் வெச்சே?" "சூட்டுல என்ன ஆகும்னு பாக்கத்தான்." "போதும் வக்கீலம்மா, உன்கிட்ட வாய் குடுக்க முடியாது." பேருந்தில் டீச்சர் சிரித்தது இந்த ஒரு இடத்தில்தான்.)

மறுபடி வார்த்து நிரூபிக்கலாமே என்பீர்கள். கான்கிரீட் முழுதாக இறுக ஒரு மாதம் வேண்டும். பயிற்சி முடிய இரண்டு நாள்தான் இருந்தது. நொறுங்கிய துண்டுகள் குப்பை லாரி ஏறியாயிற்று.

3

இந்த டீச்சரை எப்படி எழுதுவது?

மாணவி தன்னை மிஞ்சுவதைக் கண்டு அவர் மனம் புழுங்

இல்லை. அந்தக் குரலில் பொறாமை இல்லை. பள்ளிச் சோதனைக்கூடத்தில் விடை முன்பே தெரியும். பொருந்தாத எண் வந்தால் பிள்ளை தப்புச் செய்திருக்கிறது, மார்க் போய்விடும். பாசமுள்ள டீச்சர், பிறர் கண்ணில் படுமுன் திருத்திவிடுவார். கை அப்படிப் பழகிவிட்டது. இங்கேயோ, பொருந்தாத எண்ணுக்காகத்தான் கடையையே திறந்து வைத்திருக்கிறார்கள். கம்ப்யூட்டரில் ஏற்றும்போது மற்ற நான்கின் சராசரியை ஐந்தாவதன் இடத்தில் போட்டுவிட்டார். வரைபடத்தில் கோடு அழகாக வந்தது.

"நம்ம பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்கு மெஷின் பாக்கத் தெரியலன்னு யாரும் சொல்லிடக் கூடாதுன்னுதான்டி செஞ்சேன்."

"அத நீங்களே சொல்லிட்டீங்களே டீச்சர்."



4

பயிற்சி முடிவில், ஆய்வகத்தை நடத்தும் மேடம் ஒரு மாணவியை மட்டும் தன்னோடு வைத்துக்கொள்வாராம். கல்லூரிப் படிப்புச் செலவு முழுக்க ஆய்வகத்தினுடையது. நிறைவு நாளில் ஒவ்வொரு விளக்கப் பலகை முன்னாலும் நின்று, கேள்வி கேட்டுத் தேர்ந்தெடுப்பார்.

"நான் சொல்லிடுவேன் டீச்சர்."

"சொல்லு. ஆனா எண்ணை மாத்தற பள்ளிக்கூடம்னு பேர் வந்துட்டா, உனக்குப் பின்னாடி இருக்கற பிள்ளைங்கள அடுத்த வருஷம் கூப்பிடுவாங்களா?"

"அப்ப நான்?"

பேருந்து நின்றது. இறங்கிவிட்டார்கள். இதற்கு மேல் எல்லாம் என் கற்பனை. கற்பனைக்கு வந்ததும்தான் அடித்தல் திருத்தல் அதிகமாயிற்று.

மாடி மூலையில், யாரும் கவனிக்காத ஆறாவது க்யூப் ஒன்று

கூடாது. எனக்கு வசதியாக இருக்கிறது என்பதற்காக ஒரு க்யூபை வார்க்க மாட்டேன்.

பல வருடங்கள் கழித்து, பெரிய இன்ஜினீயராகி அவள்

இதுவும் கூடாது. அந்தப் பல வருடங்களை அவளுக்குக் கொடுக்க நான் யார்? டீச்சர் கையெடுத்துக் கும்பிட்டு அழுவதாகவும் எழுதிப் பார்த்தேன். அழ வைத்தவுடன் அவர் குரல் என் காதில் செத்துவிட்டது.

5

நிறைவு நாள். நீளமான கூடம், வரிசையாகப் பலகைகள், காகித டம்ளரோடு மேடம். (முதலில் இவரைச் சிடுமூஞ்சியாக எழுதினேன், கதைக்கு அது சுலபம். பேச விட்டதும் நல்ல மனுஷியாக இருந்து தொலைத்தார்.)

"கோடு ரொம்பச் சுத்தமா இருக்கே," என்றார், இவர்கள் பலகை முன் நின்று. "இவ்வளவு சுத்தமா இருந்தா எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். எதிர்பாராதது ஒண்ணுகூட வரலையாம்மா?"

டீச்சர் பலகையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார், தான் போட்ட அந்த ஐந்தாவது புள்ளியை. எத்தனை பிள்ளைகளின் எத்தனை எண்களை இப்படித் திருத்தியிருப்போம், அவற்றில் எவையெல்லாம் சரியாக இருந்திருக்கும் என்று

இதை அவர் நினைத்தாரா, நான் நினைக்கிறேனா, தெரியவில்லை. அப்படியே கிடக்கட்டும்.

டீச்சரின் பதிலைப் பலமுறை எழுதினேன். ஒன்றும் காதில் விழவில்லை. என் கையெழுத்துதான் தெரிந்தது. உங்களுக்குக் கேட்டால் நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். எனக்குக் கேட்டது அந்தப் பெண்ணின் குரல் மட்டும். கோபம் இறங்கிப்போய், வகுப்பில் சந்தேகம் கேட்பதுபோல மெதுவாக:

"நீங்க சொல்றீங்களா டீச்சர், இல்ல நான் சொல்லவா?"