நஸ்ரியாவுக்குப் போட்ட சரிகள்

பொறாமை என்று யாராவது சொல்லியிருந்தால் றொஷானி சண்டைக்கே போயிருப்பாள். அவளைக் கேட்டால் அது நியாயம். ஓர்ஸ் ஹில்லில் இருக்கிற அந்தக் கப்பல் சாமான் கொம்பனியின் அலுவலகத்தைப் பதினாறு வருஷமாகக் கூட்டித் துடைத்து, தேத்தண்ணி ஊற்றி, கோப்புக் கட்டுகளை மாடிக்கும் கீழுக்குமாகச் சுமந்தவள் அவள். நஸ்ரியா வந்து நாலு வருஷம்கூட முழுசாக ஆகவில்லை. காலை பஸ்ஸில் பாலம் கடந்து கிண்ணியாவிலிருந்து வருகிறவள், முப்பத்திரண்டு வயது, எந்த நேரமும் சிரித்த முகம். அந்தச் சிரிப்பே றொஷானிக்குப் பிடிக்காது. வேலைக்கு வந்த இடத்தில் என்ன சிரிப்பு?

பிடிக்காததை வெளியே காட்டவும் வழியில்லை. நஸ்ரியா வாய்க்கு வாய் "அக்கா, அக்கா" என்று சுற்றிவருவாள். பெருநாள் முடிந்தால் வட்டிலப்பம் முதலில் வருவது றொஷானிக்குத்தான். வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, இனிப்புக் கொஞ்சம் கூட என்று மனதுக்குள் குறை சொல்லிக்கொள்வாள்.

அப்படி இருக்கிற நேரத்தில்தான் ஸ்டோர் கிளார்க் ஓய்வு பெற்றுப் போனார். வெளியிலிருந்து ஆள் எடுக்காமல், அலுவலகத்துக்குள்ளேயே ஒருவரை எடுக்கலாம் என்று கொழும்புத் தலைமை அலுவலகம் எழுதியது. ஒரேயொரு பரீட்சை, அதுவும் கணக்கில். ஆறாம் ஆண்டிலிருந்து ஒன்பதாம் ஆண்டு வரைக்கும் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிற கணக்கு. கூடப் புள்ளி எடுக்கிறவருக்கு வேலை. விண்ணப்பம் போட்டது இரண்டே இரண்டு பேர்.

பதினாறு வருஷத்தில் அந்தக் கட்டடத்தில் றொஷானி உட்கார்ந்தது தேத்தண்ணி போடுகிற குசினியின் வாங்குப் பலகையில் மட்டும்தான். கிளார்க்குக்கு மேசை, கதிரை, மேலே சுழல்கிற ஒரு காத்தாடி. அவளுக்கு அது வேண்டும். அதைவிட, அது நஸ்ரியாவுக்குக் கிடைக்கக் கூடாது. இரண்டில் எது பெரிய ஆசை என்று யாராவது கேட்டிருந்தால் அவள் கொஞ்சம் யோசிக்க வேண்டி வந்திருக்கும்.

தலைமைக் கிளார்க் லெஸ்லி சேர், தன் மகள் படித்து முடித்த பயிற்சிப் புத்தகம் ஒன்றைக் கொண்டுவந்து குசினி மேசையில் வைத்தார். "ஒண்டுதான் இருக்கு. ரெண்டு பேரும் சேர்ந்து படியுங்கோ" என்றார். சேர்ந்து படிக்கச் சொல்வது அவருக்கு லேசு. இருக்கிறது ஒரு வேலையல்லவா?

படிப்பு மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில். நஸ்ரியா தொழுதுவிட்டு வந்ததும் கொப்பிகள் விரியும். சன்னலுக்கு வெளியே உட்துறைமுகத்துத் தண்ணீரில் கப்பல் ஏதாவது நிற்கும், இவர்கள் பார்க்க மாட்டார்கள். இரண்டு பேரும் ஒரே கணக்குகளைத் தங்கள் தங்கள் கொப்பியில் செய்வார்கள். முடிந்ததும் கொப்பியை மாற்றிக்கொள்வார்கள். பள்ளிக்கூடத்தில் ரீச்சருக்குக் களைத்துவிட்டால் பக்கத்துப் பிள்ளையிடம் கொடுத்துத் திருத்தச் சொல்வாரே, அதே முறை. விடைகள் புத்தகத்தின் கடைசிப் பக்கங்களில் இருந்தன. திருத்துகிறவர் மட்டும்தான் அதைப் பார்க்கலாம். தன் கணக்குக்குத் தானே விடை பார்ப்பது களவு. பிள்ளை பெற்று வளர்த்த இரண்டு பெண்கள் அந்தச் சட்டத்தை எட்டாம் வகுப்புப் பிள்ளைகளைப் போல அப்படியே கடைப்பிடித்தார்கள்.

முதல் நாளே றொஷானி சொல்லிவிட்டாள்: "எனக்குப் பள்ளிக்கூடத்திலயே கணக்கெண்டால் பயம். நிறையப் பிழை வந்தால் நான் விட்டிட்டுப் போயிருவன், சொல்லிப்போட்டன்."

"ஐயோ அக்கா, விட்டுட்டுப் போயிராதீங்க. தனியப் படிக்க எனக்கு ஏலாது" என்றாள் நஸ்ரியா.

முதல் கிழமை, திங்கள் முதல் வெள்ளி வரை, பின்னங்கள். நஸ்ரியா வீட்டில் சட்டை தைத்துக் கொடுக்கிறவள். அரை, கால், அரைக்கால் எல்லாம் அவள் விரல் நுனியில் இருந்தன. றொஷானி இரண்டாவது கணக்கில் நிற்கும்போது அவள் பத்தையும் முடித்துவிட்டுப் பேனையை மூடிவைப்பாள். அந்த மூடி 'டக்' என்று விழுகிற சத்தம் றொஷானிக்கு நெஞ்சில் குத்தும். ஆனால் கொப்பி திரும்பி வரும்போது றொஷானிக்கும் பத்துக்கு எட்டு, ஒன்பது என்று இருந்தது. தான் நினைத்த அளவுக்கு மக்கு இல்லை என்று அவளுக்கே ஆச்சரியம்.

அதைவிடச் சந்தோஷம் இன்னொன்று. நஸ்ரியா அடிக்கடி தடுமாறினாள். "அக்கா, இந்தப் பின்னத்தைப் பின்னத்தால வகுக்கிறது எனக்கு மறந்து மறந்து போகுது. ரெண்டாவதைத் தலைகீழாத் திருப்பிப் போட்டுப் பெருக்கிறதுதானே? ஒருக்கா என்னோட சேர்ந்து செய்ங்களன்" என்பாள்.

றொஷானி அதுவரை எதையும் திருப்பிப் போட்டதில்லை. அதைச் சொல்லுவாளா? "ஓம், திருப்பித்தான் போடுறது. இது தெரியாதே?" என்று பெரிய ஆளாகத் தலையாட்டிவிட்டு, கூட இருந்து ஐந்தாறு கணக்குச் செய்துகாட்டினாள். சரி விழுந்த தன் பழைய கணக்கை யார் திரும்பிப் பார்க்கிறார்கள்? அன்றைக்குப் பின்னேரம் உப்புவெளி பஸ்ஸில் வீட்டுக்குப் போகும்போது அவளுக்கு மனம் குளிர்ந்து கிடந்தது. தையல்காரிக்குப் பின்னம் மறக்குமா என்று யோசிக்கிற அளவுக்கு அந்தக் குளிர்ச்சி இடம் கொடுக்கவில்லை.

மூன்றாம் கிழமை சமன்பாடுகள் வந்தன. இதில்தான் நஸ்ரியாவுக்கு உண்மையாகவே கால் தடுக்கியது. அன்றைக்குக் காலையில் ஒரு சம்பவம் நடந்திருந்தது. பழைய சாமான் பட்டியல் ஒன்றில் ஏதோ கூட்டல் ஒத்துவராமல் லெஸ்லி சேர் தலையைச் சொறிந்துகொண்டு நின்றார். தேத்தண்ணி கொண்டுபோன நஸ்ரியா எட்டிப் பார்த்து, "சேர், இந்தப் பெட்டிகளை ரெண்டு தரம் கூட்டியிருக்கு" என்றாள். சேர் அதை அலுவலகம் முழுக்கச் சொல்லித் திரிந்தார். "கெட்டிக்காரி! அந்தக் கதிரைக்கு ஆள் ரெடி" என்று றொஷானியின் காதில் விழவே சொன்னார். றொஷானிக்கு வயிறு பற்றி எரிந்தது. பதினாறு வருஷத்தில் அந்த மனுஷன் தன்னை ஒரு நாளாவது கெட்டிக்காரி என்று சொன்னாரா?

மத்தியானம் கொப்பி மாறியது. 10 − 2(x − 3) = 4 என்றால் x என்ன? அடைப்பை உடைக்கும்போது கடைசி மூன்றுக்கு முன்னால் இருக்கிற மைனஸ் பிளஸ்ஸாக மாற வேண்டும். நஸ்ரியா மாற்றாமல் 10 − 2x − 6 = 4 என்று எழுதியிருந்தாள். விடை பூச்சியம். புத்தகத்தில் ஆறு.

றொஷானியின் பேனை பிழை போடத்தான் போனது. பாதி வழியில் நின்றது. 'ஆள் ரெடி' என்ற குரல் காதில் கேட்டது. வடிவாக, வாலை நீட்டி, ஒரு சரி போட்டாள்.

நஸ்ரியா கொப்பியை வாங்கிப் பார்த்துவிட்டு நெற்றியைச் சுருக்கினாள். "பூச்சியம் வருதே அக்கா. அப்படி வரலாமா?"

"ஏன் வராது? பூச்சியமும் ஒரு எண்தானே" என்றாள் றொஷானி. குரல் ஆடவே இல்லை. தன்னைப் பற்றி அவளுக்கே அப்போது கொஞ்சம் பயமாக இருந்தது.

அன்றிரவு அஞ்சலோ, அவள் புருஷன், ஏன் சோறு இறங்கவில்லை என்று கேட்டான். தலையிடி என்றாள். அடுத்த நாள் சொல்லித் திருத்திவிடலாம் என்று நினைத்துக்கொண்டுதான் பஸ் ஏறினாள். போய்ச் சேர்ந்தபோது லெஸ்லி சேர் நஸ்ரியாவிடம் இன்னொரு பட்டியலைக் கொடுத்துக் கூட்டச் சொல்லிக்கொண்டிருந்தார். திருத்துகிற எண்ணம் அந்த வாசலோடு போயிற்று. அதே மாதிரிக் கணக்குகளுக்கு மேலும் ஆறு சரி விழுந்தது, மொத்தம் ஏழு. கணக்கில் பயந்தவள் இந்த எண்ணிக்கையில் மட்டும் பிழைவிடவில்லை.

பரீட்சை ஒரு சனிக்கிழமை நடந்தது. தாளில் அடைப்பு உடைக்கிற கணக்கு இரண்டு இருந்தது, ஒவ்வொன்றுக்கும் ஐந்து புள்ளி. பின்ன வகுத்தலும் இருந்தது. றொஷானி இரண்டாவதைத் திருப்பிப் போட்டுப் பெருக்கினாள்.

முடிவு மூன்று கிழமையில் வந்தது. றொஷானி அறுபத்தேழு, நஸ்ரியா அறுபத்தொன்று. லெஸ்லி சேர் தாளை இரண்டு தரம் வாசித்துப் பார்த்தார். றொஷானி வாசிக்கத் தேவையில்லை. அறுபத்தொன்றும் பத்தும் எழுபத்தொன்று என்று அவள் மனம் தானாகவே கூட்டிவிட்டது.

நஸ்ரியா குசினிக்குள் ஓடிவந்து அவளைக் கட்டிப்பிடித்தாள். கண் கலங்கியிருந்தது, ஆனால் சிரிப்பு பொய்யில்லை. "மாஷா அல்லாஹ், அக்கா! பதினாறு வருஷம், உங்களுக்குத்தான் வரணும்" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். "ஒண்டு சொல்றன், கோவிக்கக் கூடாது. தொடக்கத்தில உங்கட பின்னக் கணக்கு அரைவாசி பிழை. பிழை போட்டா நீங்க விட்டுட்டுப் போயிருவீங்கண்டு பயத்தில சரி போட்டுட்டன். பிறகு எனக்கு விளங்கல்லண்டு சொல்லிச் சொல்லி உங்களோட சேர்ந்து செஞ்சன். நீங்க சுருக்காப் பிடிச்சிட்டீங்க."

றொஷானிக்கு அப்போதுதான் விளங்கியது. தான் படிப்பித்ததாக நினைத்ததெல்லாம் தனக்குப் படிப்பித்தது. நஸ்ரியா எட்டு, ஒன்பது என்று பிச்சை போட்டிருக்கிறாள், றொஷானி அதை வாங்கிக்கொண்டு நெஞ்சை நிமிர்த்தியிருக்கிறாள். நன்றி வர வேண்டிய இடத்தில் மறுபடியும் அந்த எரிச்சல்தான் வந்தது. ஒருத்திக்குக் கணக்கும் தெரிந்து, நல்ல மனமும் இருந்தால், மற்றவள் எங்கே போய் நிற்பது? கதிரை கிடைத்த அன்றைக்கும் அவள் நஸ்ரியாவைப் பார்த்துத்தான் பொறாமைப்பட்டாள். இந்தத் தரம் அதன் பெயரையும் சொல்லிக்கொண்டாள்.

இரண்டு மாதம் கதிரையில் உட்கார்ந்தாள். காத்தாடி சுழன்றது. நஸ்ரியா தேத்தண்ணி கொண்டுவந்து மேசையில் வைப்பாள், றொஷானி அவள் முகத்தைப் பார்க்காமல் குடிப்பாள். பிறகு கொம்பனியின் சீனன்குடாக் களஞ்சியத்துக்கும் ஒரு கிளார்க் எடுக்கப் போகிறார்கள் என்று கடிதம் வந்தது. அதே பரீட்சை, ஆவணியில். இந்தத் தரம் வெளியிலிருந்தும் ஆட்கள் வருவார்கள்.

அன்று மத்தியானமே நஸ்ரியா கொப்பியோடு வந்து மேசைக்கு முன்னால் நின்றாள். "அக்கா, பத்துக் கணக்கு செஞ்சிருக்கன். நீங்கதான் திருத்தித் தரணும். இப்ப என்னோட இருந்து படிக்கவும் ஆளில்ல."

நாலாவது கணக்கு அடைப்பு உடைக்கிறது. அதே பிழை, அதே இடத்தில். எழுத்தில் தயக்கமே இல்லை. ஏழு தரம் சரி வாங்கிய கைக்குத் தயக்கம் எங்கிருந்து வரும்?

பேனையோடு றொஷானி அப்படியே இருந்தாள். சரி போட்டால் ஒன்றும் நடக்காது. நஸ்ரியா நன்றி சொல்லிவிட்டுப் போவாள், ஆவணியில் மறுபடியும் தோற்பாள், நாள் முழுக்கத் தேத்தண்ணி ஊற்றுவாள். பிழை போட்டால் பழைய கொப்பி முழுவதும் எழும்பி வந்து சாட்சி சொல்லும். பிறகு அவள் பிழை போட்டாள். கை அழுத்தியதில் தாள் கொஞ்சம் கிழிந்தது.

நஸ்ரியாவின் சிரிப்பு அரைவாசியில் நின்றது. "இது எப்படிப் பிழை? நாங்க எப்பவும் இப்படித்தானே செய்றது?" பிறகு பகிடி போலச் சொன்னாள், ஆனால் பகிடி இல்லை: "கதிரைக்கு வந்ததும் அக்காட கை இறுகிட்டுது."

"எப்பவும் பிழைதான், நஸ்ரியா. நான் சரி போட்டனான்."

"என்னை மாதிரி..." என்று தொடங்கினாள் நஸ்ரியா. நான் மனம் உடைந்து விட்டுவிடுவேன் என்று நினைத்துத்தானே, என்று கேட்கப் போகிறாள். ஓம் என்று ஒரு சொல் சொன்னால் போதும். அந்தச் சொல் றொஷானியின் நாக்கு வரைக்கும் வந்துவிட்டது.

"இல்லை" என்றாள். "உங்களை மாதிரி இல்லை. சேர் உங்களைக் கெட்டிக்காரி எண்டு சொன்னவர். எனக்குப் பொறுக்கேல்ல. பூச்சியம் வருமோ எண்டு நீங்கள் கேக்கேக்கையும் தெரிஞ்சுதான் சொன்னனான்."

நஸ்ரியா அழவில்லை, கத்தவுமில்லை. முகத்தில் ஒன்றும் இல்லாமல் போய்விட்டது. மூன்று வருஷத்துக்கு மேலாக றொஷானிக்குப் பிடிக்காத அந்தச் சிரிப்பு இல்லாத முகத்தை அவள் அன்றைக்குத்தான் முதல் தடவை பார்த்தாள்.

"எத்தின?" என்று நஸ்ரியா கேட்டாள்.

"ஏழு."

நஸ்ரியா வெளியே போனாள். இனி வர மாட்டாள் என்று றொஷானி நினைத்தாள். லெஸ்லி சேரிடம் போயிருப்பாள், போகட்டும், அதுவும் நியாயம். ஆனால் அவள் குசினியிலிருந்து பழைய கொப்பியை எடுத்துக்கொண்டு திரும்பி வந்தாள். மேசையில் வைத்துவிட்டு, சுவரோரம் கிடந்த கதிரையை இழுத்து, கேட்காமலே எதிரில் உட்கார்ந்தாள்.

"ஏழையும் காட்டுங்க. ஆவணிக்கு எனக்குச் சோதின இருக்கு" என்றாள்.

றொஷானி ஒவ்வொன்றாகத் தேடி எடுத்துச் செய்துகாட்டினாள். நஸ்ரியா தலையை நிமிர்த்தாமல் எழுதிக்கொண்டே வந்தாள். ஏழாவது முடிகிற வரைக்கும் ஒரு தடவைகூட அவளை அக்கா என்று கூப்பிடவில்லை.