ஈசானிய மூலைத் தூண்

"அந்தத் தூணை உடைக்காதீங்கப்பா! மாடி இறங்கிரும்!"

கத்தியவள் ஸ்ரீலேகா. கத்திய இடம் பின்பக்க அறை. வெளியே வந்து சொல்லலாமே என்றால், வரக்கூடாது. அவளுக்கு மாதவிலக்கின் இரண்டாம் நாள். மல்காஜ்கிரியில் தண்டபாணி வீட்டுப் பெண்கள் அந்த மூன்று நாளும் அந்த அறையில்தான் இருக்கவேண்டும். பாய், தட்டு, டம்ளர் எல்லாம் தனி. சாப்பாட்டுத் தட்டு வாசற்படியிலிருந்து தள்ளிவிடப்படும். மேற்குச் சுவரை மட்டும் தொடவே கூடாது. அதற்கு அந்தப் பக்கம் பூஜை அறை.

ஸ்ரீலேகா சிவில் இன்ஜினியரிங் கடைசி வருடம். கட்டடம் எதனால் நிற்கிறது, எதனால் விழுகிறது என்பதுதான் அவள் படிப்பு. ரயில்வேயில் ரிடையரான தண்டபாணிக்கு அதில் ஏகப் பெருமை. காய்கறி வண்டிக்காரரிடம்கூட, "என் பொண்ணு பெரிய பில்டிங்குக்கெல்லாம் கணக்குப் போடுவா" என்பார். சொந்த வீட்டுக்கு மட்டும் வாஸ்து பார்க்கும் சித்தாந்தி கணக்குப் போட்டார். பூஜை அறையின் ஈசானிய மூலையில் தூண் துருத்திக்கொண்டு நிற்கிறதாம். அதனால்தான் மகன் ராஜீவுக்கு வரன் தட்டிப்போகிறதாம். இன்று பத்தரைக்குள் தூணை எடுத்துவிட்டால் தை மாதம் கல்யாணம். ராஜீவ் எந்த வேலையிலும் நிலைக்காததும் ஒரு காரணமாக இருக்கலாம். அதற்கு வாஸ்துவில் பரிகாரம் இல்லை போலும்.

மேஸ்திரி பிரசாத், உடைக்கும் மெஷினைக் கையில் வைத்துக்கொண்டு தயங்கினார். "பாப்பா ஏதோ சொல்றாங்களே சார்."

"எதுக்குப் பயப்படறே? மேல பீம் இருக்குல்ல, அது தாங்கும்."

"பீம் எது மேலப்பா நிக்குது? அந்தத் தூண் மேலதானே!" கதவுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. "மாடியில நஸ்ரின் அக்கா கைக்குழந்தையோட குடியிருக்காங்க. நான் வந்து ஒரு தடவை காமிக்கிறேனே."

"நக்கோ, வேணாம்! இந்த நிலைமையில இங்க வராதே. இன்ஜினியரிங்கெல்லாம் தலைக்கு ஊத்தினப்புறம் பேசு."

படிப்புக்கும் தீட்டு உண்டென்று அன்றுதான் அவளுக்குத் தெரிந்தது.

"அப்பா சொன்னா கேளேன்டி," என்றாள் அம்மா வசந்தகுமாரி. "கல்யாணமானதிலேர்ந்து நானும் அங்கதானே உக்காந்தேன். என்ன குறைஞ்சு போச்சு?" சொல்லும்போதே அவள் கண் கூரைக்குப் போனது. மேலே குழந்தை அழுதுகொண்டிருந்தது.

மெஷின் உறுமியது. பூச்சு உதிர்ந்தது, சாமி படங்கள் ஆணியில் ஆடின. ஸ்ரீலேகா சுவரைப் பார்த்தாள். அதே தூணின் மறுபாதி அவள் அறைக்குள்ளும் துருத்திக்கொண்டிருந்தது. எழுந்துபோய் இரண்டு கையாலும் அதைக் கட்டிக்கொண்டாள்.

"அப்பா, நான் தூணைத் தொட்டுட்டேன்!"

"மேஸ்திரி, நிறுத்து, நிறுத்து!" தண்டபாணி பதறினார்.

மெஷின் நின்றது. உடனே சித்தாந்திக்குப் போன் போட்டார். தீட்டுப் பட்ட தூணில் சாமி வேலை கூடாது. பெண் குளித்து, வீடு முழுக்க மஞ்சள் தண்ணீர் தெளித்து, வெள்ளிக்கிழமை காலையில்தான் கைவைக்க வேண்டும் என்று உத்தரவு வந்தது.

பாரம் என்றாள், பீம் என்றாள், கைக்குழந்தை என்றாள். நிற்காத மெஷின் தீட்டுக்கு நின்றது. ஸ்ரீலேகாவுக்குச் சிரிப்பு வந்தது. கூடவே அவமானமாகவும் இருந்தது. இத்தனை வருடம் படித்ததற்கு இதுதானா மரியாதை?

வெள்ளிக்கிழமை விடியலிலேயே தலைக்குக் குளித்துவிட்டுக் கூடத்துக்கு வந்தாள். படம் வரைந்து காட்டினாள். எந்த பீம் எங்கே உட்கார்ந்திருக்கிறது, தூண் போனால் எது முதலில் இறங்கும் என்று பொறுமையாகச் சொன்னாள். தண்டபாணி முழுவதையும் கேட்டார்.

"ஹவ், சரிதான், நல்லா படிச்சிருக்கே," என்றார். "ஆனா சித்தாந்தி நாள் குறிச்சுட்டாரேம்மா." பிரசாத்தைப் பார்த்துத் தலையாட்டினார்.

சுத்தமாக இருந்தபோது அவள் பேச்சுக்கு அவ்வளவுதான் பலன். வரைந்த படத்தை மடித்தாள்.

அடுப்படியிலிருந்து வசந்தகுமாரி வந்தாள். மூலையில் சுருட்டியிருந்த பாயை எடுத்தாள். பின்பக்க அறைக்குள் போய், மேற்குச் சுவரோரம் விரித்து, தூணில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தாள்.

"என்னடி பண்றே?"

"எனக்கு இன்னிக்கு."

"உனக்குத்தான் நின்னு ரெண்டு வருஷமாச்சே!"

"மேஸ்திரி முன்னாடி பேசற பேச்சா இது?"

தண்டபாணி மேஸ்திரியைப் பார்த்து வேண்டாமென்று கையை ஆட்டினார். பிரசாத் தரையைப் பார்த்தபடி மெஷினின் வயரைச் சுருட்டத் தொடங்கினார்.

"மறுபடி எப்ப வரட்டும் சார்?"

"அதை எப்படிச் சொல்றது?" என்று அறைக்குள்ளிருந்து வசந்தகுமாரியே பதில் சொன்னாள். "என் வயசுல ஒழுங்காவா வருது? எப்ப வரும், எப்ப நிக்கும்னு சித்தாந்தியைக் கேட்டுப் பாருங்க."

பிறகு மகளைக் கூப்பிட்டாள்.

"ஸ்ரீலேகா, எனக்குக் காபி கொண்டாம்மா. வாசற்படியிலேர்ந்து தள்ளிவிடாதே. உள்ள வந்து என் கையில குடு."