எட்டுப் பேருக்கு இடம்

யோகமலர் பதினான்கு என்ற எண்ணை அழித்துவிட்டு, அந்த இடத்தில் எட்டு என்று எழுதிச் சேமித்தாள். இனி அந்த மர அலுமாரிக்குள் இருக்கும் சேர்வர் கணினி, ஒரே நேரத்தில் எட்டுக் கணினிகளுக்கு மட்டும்தான் தன் கோப்புகளைத் திறந்துவிடும். ஒன்பதாவதாக வருவது வெளியே நிற்க வேண்டும். ஒருவர் மூடினால்தான் இன்னொருவருக்கு இடம்.

பதுளைக் கடைத்தெருவின் மேல்மாடியில் இருந்த அந்த அலுவலகத்துக்கு 2004ஆம் ஆண்டின் அந்த மாதம் முழுவதும் ஒரே வேலைதான். தேயிலைத் தோட்டங்களிலிருந்து வந்த, நாடற்றவர்களின் குடியுரிமைப் படிவங்களைக் கணினியில் ஏற்ற வேண்டும். சேர்வர் பழையது. நேற்று எல்லோரும் ஒன்றாகச் சேமித்தபோது அது திணறி நின்றது. நூற்றுக்கு மேற்பட்ட படிவங்கள் காணாமல் போயின. இன்று நான்கு மணிக்கு வேன் கொழும்புக்குப் புறப்படும். அதில் போகாத பெயர்களுக்கு அடுத்த வாய்ப்பு எப்போது என்று யாருக்கும் தெரியாது. மிச்சம் இருந்தது பூனாகலைத் தோட்டத்துக் கட்டு மட்டும், இருநூற்றுச் சொச்சம். அந்தக் கட்டின் அடியில் எங்கோ இராக்கம்மாவின் படிவமும் இருந்தது. அலுவலகத்தைக் கூட்டித் தேநீர் ஊற்றும் இராக்கம்மாவுக்கு நாற்பத்தாறு வயது. பிறந்த மண்ணிலேயே நாற்பத்தாறு வருடங்களாக எந்த நாட்டுக்காரியும் இல்லை.

“எம் பேரு ஏறிருச்சா மலரு?” என்று காலையிலிருந்து மூன்று தடவை கேட்டுவிட்டாள்.

“ஏறும்க்கா.”

யோகமலர் அதைச் சும்மா சொல்லவில்லை. எட்டுப் பேர் தட்டச்சு செய்யட்டும், மற்ற நான்கு பேர் படிவங்களைப் பென்சிலால் சரிபார்த்து அடுக்கட்டும் என்பது, கணினிகளுக்குப் பொறுப்பாக இருந்த அவளுடைய ஏற்பாடு. மெதுவாகப் போவதுபோல் தோன்றும், ஆனால் எதுவும் அழியாது. எண்களின் மேல் அவளுக்கு இருந்த நம்பிக்கை, சிலருக்கு மலைகளின் மேல் இருப்பதைப் போன்றது. அங்கேதான் இருக்கும், அசையாது.

பதினொரு மணிக்கு றிப்தா எழுந்து வந்தாள். பதுளைக்காரி, அந்த மண்டபத்திலேயே வேகமான விரல்கள் அவளுடையவை. “மலர், எனக்கு இன்னமும் உள்ளுக்குப் போக ஏலாம ஈக்கு. நாலு பேர்தான் அடிக்கிறாங்க, எண்ணிப் பாருங்க. ஒங்கட எட்டு எந்த ஊரு எட்டு?”

யோகமலர் எண்ணினாள். நான்குதான். ஆனால் சேர்வரோ எட்டு இடமும் நிறைந்துவிட்டது என்றது.

கண்ணாடி அறையிலிருந்து பொறுப்பதிகாரி தனேஸ்வரன் எட்டிப் பார்த்தார். யாழ்ப்பாணத்துக்காரர், கோபம் வந்தால் குரல் இன்னும் மெலியும். “பிள்ளை, பன்ரண்டு பேர் இருக்கினம், நாலு பேர்தான் வேலை செய்யினம். பின்னேரம் கொழும்புக்கு நான் என்னத்தச் சொல்லுறது? பழையபடி பதினாலாக்கிவிடும்.”

“அரை மணித்தியாலம் தாங்க சார். அதுக்குள்ள சரிவரலன்னா நானே மாத்துறேன்.”

அவள் மண்டபத்தைச் சுற்றி நடந்தாள். இரண்டு நாற்காலிகளில் ஆட்களுக்குப் பதில் கைப்பைகள் இருந்தன. கணினிகளில் கோப்பு திறந்தே கிடந்தது. அந்த இரண்டு பிள்ளைகளும் காலையில் வந்ததும் முதலில் இடத்தைப் பிடித்துக்கொண்டு, கீழே ஸமீம் நானா கடைக்கு ரோல்ஸ் சாப்பிடப் போயிருந்தார்கள். யோகமலருக்குக் கோபம் வரவில்லை. நமுனுகுலவில், அவளுடைய லயத்து வீட்டுக்குப் பின்னால் இருந்த தண்ணீர்ப் பீலியில் அவளும் விடிவதற்கு முன்பே குடத்தை வரிசையில் வைத்துவிட்டு வீட்டுக்குள் போய்விடுகிறவள்தான். முறை வரும்போது ஆள் இல்லாவிட்டால் குடத்தை எடுத்து ஓரமாக வைத்துவிடுவார்கள். அதற்காக யாரும் சண்டை பிடித்ததில்லை. வேலையாட்களை மேற்பார்க்கும் கங்காணியின் வீட்டுக் குடத்தை மட்டும் யாரும் தொடமாட்டார்கள்.

இரண்டு கணினிகளிலும் கோப்பை மூடினாள். றிப்தா உள்ளே போனாள், அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி. ஆறு பேர். பிறகு கண்ணாடி அறைக் கதவைத் தட்டினாள்.

“சார், நீங்களும் ஒரு இடத்தப் புடிச்சிருக்கீங்க.”

“நான் ஒண்டும் செய்யேல்லயே. எத்தினை ஏறியிருக்கெண்டு பாத்துக்கொண்டிருக்கிறன்.”

“அதான் சார். பாத்துக்கிட்டிருக்கீங்க. அந்த எடத்துல ஒரு ஆளு அடிச்சா மணிக்கு பத்து பேரு நாட்டுக்காரங்களா ஆவாங்க.”

தனேஸ்வரன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பின்னர் கோப்பை மூடினார். ஏழாவது பிள்ளை ஓடிப்போய் உட்கார்ந்தது. யோகமலர் நிமிர்ந்து நடந்தாள். அவள் மேசையை அடையும்போது அவரும் பின்னாலேயே வந்து நின்று, திரையில் இருந்த பட்டியலை விரலால் எண்ணினார்.

“ஏழு சரி. இந்தக் கடைசி ஆருடையது?”

அவள் பார்த்தாள். அது அவளுடைய கணினி. அதே எண்ணிக்கையைப் பார்ப்பதற்காகக் காலையிலிருந்து அவளும் கோப்பைத் திறந்தே வைத்திருந்தாள்.

“உம்மட குடும்பத்தில ஆரும் கங்காணியோ?” என்றார் தனேஸ்வரன். மண்டபமே சிரித்தது. அவளும் வாய்விட்டுச் சிரித்தாள்.

ஆனால் மூடுவதற்குக் கை உடனே வரவில்லை. மூடிவிட்டால், ஒன்று அழிந்தாலும் தெரியாது. நேற்றும் பார்த்துக்கொண்டிருந்ததால்தான் தெரிந்தது. தெரிந்து என்ன, அழிந்தது அழிந்ததுதானே. எட்டு சரி என்றால், யாரும் பார்க்காதபோதும் எட்டு சரிதான். மூடினாள். எட்டாவது பிள்ளை விசைப்பலகையை இழுத்துக்கொண்டாள்.

மதியம் சாப்பாட்டுக்கு எழுந்தவர்களின் இடத்தில் பென்சில் பிடித்தவர்கள் உட்கார்ந்தார்கள். விசைகளின் சத்தம் தகரத்தில் விழும் மழைபோல ஒரே சீராக இருந்தது. கட்டு தணிந்துகொண்டே வந்தது. பார்ப்பதற்கு எதுவும் இல்லாத யோகமலர் அலுமாரிக்குப் பக்கத்தில் போய், ஒரு கதவில் காதை வைத்தாள். நேற்றுத் திணறியபோது உள்ளே சேர்வரின் வன்தட்டு கரகரவென்று இழுத்தது. இன்று டிக், டிக் என்று நிதானமாக எழுதிக்கொண்டிருந்தது.

மூன்றரைக்கு இராக்கம்மா தேநீர்த் தட்டோடு வந்தாள். “என்ன மலரு, உள்ள யாரும் பேசுறாங்களா?”

“ம்.”

“எம் பேரு ஏறிருச்சா?”

“பாக்க முடியாதுக்கா. பாத்தா ஒரு ஆளு கொறையும்.”

இராக்கம்மா அவளை ஒருமுறை பார்த்தாள், றிப்தாவின் மேசையில் மெலிந்திருந்த கட்டை ஒருமுறை பார்த்தாள். கீழே வேன்காரன் ஹோர்ன் அடித்தான். அவள் தட்டைத் தரையில் வைத்துவிட்டு, சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு, அலுமாரியின் மற்றக் கதவில் தன் காதை வைத்தாள்.