கொசுவைப் போற்றுவோம்

1

இந்தக் கதை ஒரு பயிற்சித்தாளில் தொடங்கியது. பூதலூர்ப் பக்கம் ஆசிரியராக இருக்கும் பிரகதாம்பாள் அக்கா போன் செய்தார். "பத்தி எழுதுற பயிற்சிக்கு மாதிரி ஒண்ணு வேணும்மா. எட்டு வரி போதும். கடைசி வரிய மட்டும் எழுதாம விட்டுடு, பிள்ளைங்க நிரப்பட்டும்."

நான் வேதியியல் படித்தவள். நோக்கம், செய்முறை, முடிவு என்று ஆய்வுக்கூடக் குறிப்பு எழுதுவேன். மாதிரிப் பத்தி எழுதியதில்லை. முடியாது என்று சொல்லக் கூச்சமாக இருந்ததால் சரி என்றேன்.

முதல் முயற்சி: காவிரித்தாய் கொஞ்சி விளையாடும் தஞ்சைத் தரணியிலே

(விட்டுவிட்டேன். எங்கள் வாய்க்காலை யாரும் அப்படிக் கூப்பிட்டுக் கேட்டதில்லை.)

இரண்டாம் முயற்சி: நீர் மனித வாழ்விற்கு மிகவும் இன்றியமையாதது. நீர் பல வகைப்படும். நீரால்

(இதையும் விட்டுவிட்டேன். ஆனால் இதை நான் யோசித்து எழுதவில்லை, கை எழுதியது. பள்ளியில் நாங்கள் எல்லாரும் இந்தப் பத்தியைத்தான் எழுதினோம். தலைப்பை மட்டும் மாற்றிக்கொள்வோம்.)

அந்தப் பத்தியை ஒரு பெண்ணிடம் கொடுத்து, ஒரு மேசை முன்னால் உட்கார வைத்தால் என்ன ஆகும்? எட்டு வரி போதவில்லை.

2

அஃப்ரீனுக்குப் பதினான்கு வயது. சார்ஜாவில் எட்டாம் வகுப்பு வரை படித்தவள். அங்கே வீட்டு வாடகை கட்டுப்படியாகவில்லை என்று அவள் அத்தா ஃபாஜில் மட்டும் தங்கிவிட்டார். அவளும் அம்மா கமருன்னிஸாவும் ஊருக்கு வந்துவிட்டார்கள். தமிழ் நன்றாகப் பேசுவாள். எழுத்து மட்டும் அம்மா சொல்லிக் கொடுத்தது, அதுவும் இந்தக் கோடையில்.

பள்ளியில் தலைமை ஆசிரியை சொல்லிவிட்டார். "தமிழ்ல ஒரு பத்தி சொந்தமா எழுதிக் காட்டட்டும், ஒன்பதுல போடுறேன். இல்லன்னா இன்னொரு வருஷம் எட்டுலயே இருக்கட்டும்."

இதில் அஃப்ரீனைவிட அதிகம் பதறியவள் பக்கத்து வீட்டுக் கயல்விழி. அவள் ஒன்பதாம் வகுப்பு. தெருவில் மற்ற பெண்கள் வேன் ஏறித் தனியார் பள்ளிக்குப் போக, இவள் மட்டும் வாய்க்கால் கரையில் தனியாக சைக்கிள் மிதிக்கிறாள். வகுப்பிலும் பெஞ்சில் தனிதான்.

"ஏ, பயப்படாதடி. ஒரே ஒரு பத்தி தரேன். எந்தத் தலைப்பு குடுத்தாலும் அதுக்குள்ள போட்டுடு."

"எதுன்னாலுமா?"

"மரம், நூலகம், நேர்மை, ரயில். எது வேணா. அஞ்சே வரி."

அஃப்ரீன் ஒரு வாரத்தில் அதை மனப்பாடம் செய்தாள்.

(கயல்விழியை முதலில் ஏமாற்றுக்காரியாக எழுதினேன். அடுத்தவளைக் குறுக்கு வழியில் இழுத்துவிடுகிற பெண். அரைப் பக்கம் ஓடியது, பிறகு நின்றுவிட்டது. அந்தப் பத்தியால்தான் அவளே வகுப்பில் முதலாவதாக வருகிறாள். தன்னிடம் இருந்ததிலேயே நல்லதைத்தானே கொடுத்திருக்கிறாள்? அரைப் பக்கத்தையும் அடித்துவிட்டேன்.)

3

ஆற்றில் தண்ணீர் விட்டு, குறுவை நடவு நடந்துகொண்டிருந்த நேரம். பள்ளிக்குப் பின்னால் வயல் முழுக்கத் தண்ணீர். தலைமை ஆசிரியை தாளை நீட்டினார். கமருன்னிஸா வாசலோர நாற்காலியில் டி.சி.யைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஜன்னலுக்கு வெளியே கயல்விழியின் நெற்றி மட்டும் தெரிந்தது.

"என்ன தலைப்பு குடுக்கலாம்..." என்ற தலைமை ஆசிரியை தன் முழங்கையில் பளாரென்று ஒன்று வைத்தார். உள்ளங்கையைப் பார்த்தார். "சரி, இதையே எழுது. கொசு. இன்டர்வெல் மணி அடிக்கிற வரைக்கும் டைம்."

ஜன்னலில் நெற்றி கீழே இறங்கியது.

அஃப்ரீன் எழுதினாள்:

கொசு மனித வாழ்விற்கு மிகவும் இன்றியமையாதது. கொசு பல வகைப்படும். கொசுவால் நமக்குப் பல நன்மைகள் உண்டு. கொசுவை நாம் பாதுகாக்க

அங்கே பேனா நின்றது. ஐந்தாவது வரி அவளுக்குத் தெரியும். எனவே கொசுவைப் போற்றுவோம். சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தாள், மூக்கு வழியாக வெளியே வந்துவிட்டது.

"என்னம்மா?"

"ஒண்ணுமில்ல டீச்சர்."

சிரிப்பு போனதும் பயம் வந்தது. அந்த ஐந்து வரியைத் தவிர அவளிடம் வேறு எதுவும் இல்லை. எட்டாம் வகுப்பு அறை நடைபாதையின் கடைசியில் இருந்தது. வரும்போதே பார்த்திருந்தாள். எல்லாரும் அவள் தோள் உயரம்.

(இந்த இடத்தில் நான் இரண்டு நாள் நின்றேன். யாராவது வந்து அவளைக் காப்பாற்றலாம். மணி சீக்கிரம் அடிக்கலாம். மின்சாரம் போகலாம். எதுவும் சரியாக வரவில்லை. கடைசியில், அவளையும் ஒரு கொசு கடித்தது.*)

அஃப்ரீன் கையைச் சொறிந்தாள். சொறிந்த இடத்தைப் பார்த்தாள். நான்கு வரியையும் குறுக்கே அடித்துவிட்டு, கீழே எழுத்துக் கூட்டி எழுதத் தொடங்கினாள்.

* கடிப்பது பெண் கொசு மட்டுமே. இதைக் கதைக்குள் நுழைக்கப் பார்த்தேன், இடமில்லை. இங்கே இருக்கட்டும்.

4

அவள் எழுதியது (எழுத்துப் பிழைகளை மட்டும் நான் திருத்தியிருக்கிறேன்):

கொசு சின்னது. நாங்கள் சார்ஜாவில் ஏழாவது மாடியில் இருந்தோம். அங்கே கொசு வராது. இங்கே வந்த முதல் நாள் என் கையில் மூன்று இடத்தில் கடித்தது. வீடியோ காலில் அத்தாவுக்குக் காட்டினேன். அத்தா நிறைய சிரித்தார். பிறகு இன்னொரு கையையும் காட்டு என்றார். அதில் கடி இல்லை. ஆனாலும் அத்தா பார்த்துக்கொண்டே இருந்தார்.

மணி அடித்தது. தலைமை ஆசிரியை தாளை வாங்கினார். அடித்திருந்த நான்கு வரியை முதலில் படித்தார். உதட்டோரம் சிரிப்பு எட்டிப் பார்த்தது. "வருஷா வருஷம் இதப் படிச்சுப் படிச்சு எனக்கே மனப்பாடம்" என்றார். பிறகு கீழே உள்ளதைப் படித்தார். கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பில் துடைத்து, மறுபடியும் முதலிலிருந்து படித்தார்.

"என்ன எழுதியிருக்கா டீச்சர்?" கமருன்னிஸா எழுந்தேவிட்டார்.

"நீங்க உக்காருங்க. ஏ, ஜன்னல்ல நிக்கிறவளே! உன் பெஞ்சுல இடம் இருக்கா?"

நெற்றி மேலே வந்தது, முகமும் வந்தது. "இருக்கு டீச்சர்! நிறைய இருக்கு டீச்சர்!"

தலைமை ஆசிரியை தாளை அஃப்ரீனிடம் திருப்பிக் கொடுத்தார். "கடைசி வரி எங்கம்மா? பத்தின்னா முடியணும்ல. முடிச்சுட்டு கிளாசுக்குப் போ."

5

என்னிடம் மூன்று கடைசி வரிகள் இருந்தன.

(அ) எனவே கொசுவை ஒழிப்போம். மதிப்பெண் கிடைக்கும். ஆனால் அத்தாவின் வீடியோ கால் அப்படியே அறுந்துபோகும்.

(ஆ) அத்தா, சீக்கிரம் வாங்க. இதைத்தான் எழுத நினைத்தேன். ஆனால் அஃப்ரீன் இதை மூன்றாம் மனிதர் முன்னால் எழுதமாட்டாள். அவளை இவ்வளவு தூரம் கூட்டிவந்த பிறகு, அது எனக்குத் தெரியும்.

(இ) ஜன்னலில் கயல்விழி வாயை மட்டும் அசைத்து எடுத்துக்கொடுத்தது: போற்றுவோம், போற்றுவோம்.

அஃப்ரீன் மூன்றையும் எடுத்துக்கொள்ளவில்லை. நாக்கு நுனியைப் பல்லில் கடித்துக்கொண்டு, தாளை லேசாகச் சாய்த்து எழுதுகிறாள். இடது கையால் மறைத்திருக்கிறாள், எனக்கும் தெரியாதபடி.

பிரகதாம்பாள் அக்கா, நீங்கள் கேட்ட எட்டு வரி வரவில்லை. ஆனால் கடைசி வரியைச் சொன்னபடியே விட்டிருக்கிறேன். பிள்ளைகளிடம் பென்சிலில் எழுதச் சொல்லுங்கள், அடித்து எழுதினாலும் பரவாயில்லை. நடுவில் கொசு கடித்தால் சொறிந்துவிட்டுத் தொடரலாம்.

ஆனாலும் அத்தா பார்த்துக்கொண்டே இருந்தார். ................................................................