உறை மாறிய இரண்டு கடிதங்கள்

பக்கத்து நாடு எல்லையை மூடி ஒன்பது நாள் ஆகியிருந்தது. நாற்பது டீசல் லாரிகள் அந்தப் பக்கம் நின்றன. அதில் ஒன்றை ஓட்டுபவன் என் அண்ணன். இந்தப் பக்கம் பெரிய ஆஸ்பத்திரியின் ஜெனரேட்டருக்கு மூன்று நாள் டீசல்தான் மிச்சம்.

காரணம் ஒரு கப்பல். கடலாழம் அளக்க எங்கள் துறைமுகத்துக்கு ஆய்வுக் கப்பல் அனுப்புவதாகச் சொன்னது ஒரு வல்லரசு. கூடவே காவலுக்குச் சிப்பாய்களையும் இறக்கக் கேட்டது. வேவு பார்க்கத்தான் வருகிறார்கள் என்று பக்கத்து நாடு கதவைச் சாத்தியது.

இரண்டு தூதரகங்களுக்கும் பதில் எழுத வேண்டியவர் மேடம். வெளியுறவு அமைச்சகத்தில் தூதரகங்களைக் கவனிக்கும் பிரிவுக்கு அவரே தலைவர், அவரே கடைநிலை ஊழியர்.

"அவங்கவங்களுக்கு எது பிடிக்குமோ அப்படி எழுதிடும்மா" என்றார் செயலாளர். மேடம் அன்று மாலையே இரண்டையும் எழுதி முடித்தார்.

நான் தபால் பிரிவில் இரவு முறை. படிப்பைப் பாதியில் விட்டவனுக்கு அங்கே உறை ஒட்டும் வேலைதான் கிடைக்கும். இரண்டு கடிதங்களையும் உறையிலிட்டு, முத்திரை வைத்து, வண்டியில் கொடுத்தனுப்பினேன்.

காலை எட்டரைக்கு நான் கிளம்பும்போது பக்கத்து நாட்டுத் தூதரே மேடத்தின் அறையில் வந்து நின்றார். கையில் பிரித்த உறை.

"இது எனக்கு எழுதினதில்லையே. அவங்களுக்குப் போகவேண்டியதாச்சே."

வாசலைத் தாண்டப்போன நான் உள்ளே போனேன். "நான்தான் மேடம். உறையை மாத்திட்டேன்."

"நீ சும்மா இரு தம்பி." தூதரிடம் திரும்பினார். "முழுசா படிச்சீங்களா?"

"கைக்கு வந்ததைப் படிக்காம இருக்க நான் என்ன சாமியாரா?"

"அப்ப உங்களுக்கு எழுதினதையும் படிச்சிட்டீங்க" என்று அலுவலக நகலை நீட்டினார்.

தூதர் இரண்டையும் பக்கத்தில் வைத்து வரிவரியாக விரலை ஓட்டினார். கப்பல் வரும், யார் கோபித்தாலும் திருப்பி அனுப்பமாட்டோம். சிப்பாய் ஒருவரும் இறங்கக்கூடாது. அளவுகளின் நகல் பக்கத்து நாட்டுக்கும் தரப்படும். முகவரி மட்டும்தான் வேறு.

"கப்பல் வரும்னு எனக்கே எழுதியிருக்கீங்க. தைரியம்தான்."

"ரெண்டு விதமா எழுதினா, யார்கிட்ட என்ன சொன்னோம்னு ஞாபகம் வெச்சுக்கணும் சார். இங்க இருக்கறது நானும் இந்த ஃபேனும்தான். அதுவும் பாதி நாள் ஓடாது."

தூதர் சிரிக்கவில்லை. "என் கடிதம் மட்டும் ஒழுங்கா வந்திருந்தா, அவங்களுக்கும் இதையேதான் எழுதினீங்கன்னு நம்பியிருக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் மதியம் அண்ணன் கூப்பிட்டான். "டேய், கேட்டைத் திறந்துட்டாங்கடா! என்னடா பண்ணீங்க?"

"உறை ஒட்டினேன்."

"போடா வெட்டிப்பயலே."

வல்லரசு சும்மா விடவில்லை. தருவதாகச் சொன்ன எக்ஸ்ரே கருவிகளை ஓராண்டு தள்ளிப்போட்டது. கப்பல் வந்தது, சிப்பாய் இல்லாமல் அளந்துவிட்டுப் போனது. செயலாளர் விளக்கம் கேட்டார். தவறு தன் பிரிவில் நடந்தது என்று மேடம் கையெழுத்துப் போட்டார். அதில் என்னைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நான் யாரையும் லேசில் மதிப்பவன் இல்லை. இவரை மதிக்கிறேன்.

அன்றிலிருந்து ஒட்டும் முன் கடிதத்திலும் உறையிலும் உள்ள முகவரியை அவருக்குச் சத்தமாக வாசித்துக் காட்ட வேண்டும்.

"மாறினா என்ன மேடம்? உள்ள ஒண்ணுதானே" என்றேன் ஒருநாள்.

அவர் கோப்பிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"உள்ள இருக்கறது என் வேலை. உறை உன் வேலை. வாசி."