நாலு மணிக்கு மகள் வருவாள்

மேன்மை தங்கிய உலக மாணவ சமுதாயத்துக்கு இதனால் அறிவிக்கப்படுவது யாதெனில்: சலமாங்கா நகரம், தோல்பதனிடுவோர் தெரு, எட்டாம் எண் கட்டடம், மூன்றாம் மாடியின் இடப்பக்க வாசலைத் தாண்டி ஸ்பானிய மொழி தவிர வேறெந்த மொழியும் உள்ளே நுழையலாகாது. தூக்கத்தில் உளறுவோரும் ஸ்பானிய மொழியிலேயே உளறவேண்டும். மீறுவோர் இப்பயிற்சியின் புனித நோக்கத்துக்குத் துரோகம் இழைத்தவர் ஆவர்.

இதை எழுதிக் கண்ணாடிச் சட்டம் போட்டு வாசலில் மாட்டியவர் மொழிப் பயிற்சி நிலையத்தின் இயக்குநர் தொன் எவரிஸ்தோ. அந்தச் சட்டத்தில் இடிக்காமல் ஆக்சிஜன் உருளையை உள்ளே கொண்டுபோக அன்று காலை முழங்காலைக் கொடுத்து மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள் நியெவெஸ். இடித்தது. சட்டம் ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டது. அவள் அதை நேராக்கவில்லை.

உள்ளே அவளுடைய அம்மா கசில்தா, வயது எண்பத்தொன்று, மூன்று தலையணையில் சாய்ந்தபடி செத்துக்கொண்டிருந்தாள். டாக்டர் முந்தின நாளே மாடிப்படியில் நின்று சொல்லிவிட்டார். இந்த மாதிரி விஷயங்களை டாக்டர்கள் மாடிப்படியில் நின்றுதான் சொல்வார்கள். சொன்ன கையோடு இறங்கிவிடலாம்.

"அம்மா, மூக்குல இதை மாட்டிக்கலாமா? மூச்சு விட லேசா இருக்கும்."

கசில்தா மகளை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு, காது கேளாதவருக்குச் சொல்வதுபோல் உரக்க, ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தாள்.

"காலை... வணக்கம். ராத்திரி... தூக்கம்... நல்லா... வந்துதா... கண்ணு?"

நியெவெஸ் கண்ணை மூடித் திறந்தாள். ஞாயிற்றுக்கிழமையிலிருந்து இதே கதை.

அந்தக் குரல் அவளுக்குத் தெரியும். முப்பத்தைந்து வருஷத்தில் அறுபத்தொரு வெளிநாட்டு மாணவர்கள் இந்த வீட்டில் தங்கி அந்தக் குரலைக் கேட்டு ஸ்பானிய மொழி கற்றுக்கொண்டு போயிருக்கிறார்கள். இது ரொட்டி. இது கரண்டி. குளிக்கிற தண்ணியை வீணாக்காதே. அம்மா தன் மனுஷர்களோடு பேசும் குரல் வேறு. மலையடிவாரத்துப் பேச்சு, தகரக் கூரையில் கல்மழை கொட்டுவதுபோல் வரும். குழாய் ரிப்பேருக்கு வருகிறவர்கூட "மெதுவா சொல்லுங்கம்மா" என்று கெஞ்சுவார். அந்தக் கல்மழையில் நனைந்து வளர்ந்தவள் நியெவெஸ். இப்போது நாற்பத்தேழாவது வயதில், பெற்ற தாயிடமே அயல்நாட்டு மாணவியாகிவிட்டாள்.

"நான்தாம்மா, நியெவெஸ்."

"அப்படியா!" கசில்தாவின் முகம் மலர்ந்தது. "என் பொண்ணு பேரும் அதுதான். நீ... எந்த... ஊரு?"

"இந்த ஊருதாம்மா. இந்த வீடுதான்."

"நல்லா பேசற. வந்து எத்தனை மாசம் ஆச்சு?"

நியெவெஸ் சமையலறைக்குப் போனாள். கதவுக்குப் பின்னால் மாட்டியிருந்த சிறுவயதில் தேவாலயத்தில் எடுத்த தன்னுடைய முதல் நற்கருணைப் படத்தை ஆணியோடு பிடுங்கி வந்தாள். நடைக்கூடச் சுவரில் மாட்ட இடமில்லாததால் அது அங்கே போயிருந்தது. நடைக்கூடம் முழுக்க மாணவர்கள்: கல்லூரி பனியனும் வெயிலில் சிவந்த மூக்குமாக அறுபத்தொரு படச்சட்டங்கள், அம்மா வாராவாரம் துடைத்து வைப்பது. அவற்றுக்கு அடியில் ஒரு மடக்குக் கட்டில். மகளின் அறையை முதல் மாணவிக்குக் கொடுத்தபோது பன்னிரண்டு வயது நியெவெஸுக்காக வாங்கியது. மூன்று வருஷத்துக்கு முன் அம்மாவைக் கவனிக்கத் திரும்பி வந்தவள் மறுபடியும் அதிலேயே படுத்துக்கொண்டாள். அறையில் அப்போதும் மாணவி இருந்தாள்.

"இதைப் பாருங்க. இது யாரு?"

கசில்தா படத்தை வாங்கி வெளிச்சத்துக்குத் திருப்பினாள். வெள்ளை உடுப்பில் பல் விழுந்த சிறுமி. "இதுதான் என் பொண்ணு. காலேஜுக்குப் போயிருக்கா. நாலு மணிக்கு வந்துடுவா." பிறகு திடீரென்று நியெவெஸின் மணிக்கட்டைப் பற்றிக்கொண்டாள். "அவ வந்ததும் இங்கே அனுப்பு. அவகிட்ட ஒண்ணு சொல்லணும். ரொம்ப நாளா சொல்லாமயே வெச்சிருக்கேன்."

நியெவெஸ் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"என்கிட்ட சொல்லுங்கம்மா. நான் அவகிட்ட சொல்லிடறேன்."

கசில்தா பரிவோடு அவள் கையைத் தட்டிக்கொடுத்தாள். "உனக்குப் புரியாது கண்ணு. அதையெல்லாம் வேகமாத்தான் சொல்ல முடியும்."

மத்தியானம் வரை நியெவெஸ் என்னென்னவோ செய்து பார்த்தாள். அம்மாவின் கிராமத்துப் பேச்சிலேயே பேசினாள், "அடேயப்பா, எங்க ஊரு பேச்சுகூட கத்துக்கிட்டியே!" என்று பாராட்டு கிடைத்தது. செத்துப்போன அப்பாவின் செல்லப் பெயரைச் சொன்னாள், முழங்கால் தழும்பைக் காட்டினாள். தழும்புக்கு மருந்து தடவச் சொன்னாள் கசில்தா. உதடு நீலம் பாரிக்கத் தொடங்கியிருந்தது. ஆனால் பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை கேட்டாள்: "மணி நாலாச்சா?"

மூன்றரை மணிக்குத்தான் நியெவெஸுக்கு அந்த யோசனை வந்தது. பைத்தியக்கார யோசனை என்று தெரிந்துதான் இரண்டு இரண்டு படியாகத் தாவிக் கீழ் வீட்டுக்கு இறங்கினாள்.

"எலாதியா அக்கா, உங்க பொண்ணு காலேஜுக்குப் போட்டுட்டுப் போன நீலக் கோட்டு இருக்கா?"

எலாதியா இருபது வருஷமாக எதையும் தூக்கிப் போட்டதில்லை. "இருக்கு. எதுக்குடி? அம்மா எப்படி இருக்கா?"

"நாலு மணிக்குப் பொண்ணு வரணுமாம். போட்டுட்டுப் போய் வரப்போறேன்."

எலாதியா அலமாரிக்குள் தலையை விட்டு கோட்டைத் தேடியெடுத்தாள், பூச்சி உருண்டை வாசனையோடு. பித்தான் எதுவும் எட்டவில்லை.

"மூச்சை இழுத்துப் பிடி. ம்ஹூம். விடு, முன்பக்கம் புஸ்தகத்தை வெச்சு மறைச்சுக்கோ. தலைமுடி? அப்போ உனக்குக் குதிரைவாலு." குதிரைவாலில் நரை தெரிந்தது. எலாதியா தன் தலைத்துணியைச் சுற்றிவிட்டாள். கையில் இரண்டு சமையல் புத்தகங்களைத் திணித்தாள். "போ. வேகமா படியேறு. காலேஜ் பொண்ணு மாதிரி சத்தம் போட்டு ஏறு."

நியெவெஸ் சத்தம் போட்டுத்தான் ஏறினாள். வாசல் திறந்திருந்தது.

ஹாட்லி அன்று வகுப்பிலிருந்து பத்து நிமிஷம் முன்னதாக வந்துவிட்டாள். நெப்ராஸ்காக்காரி, வயது இருபது, அறுபத்தொன்றாவது மாணவி, நல்ல பெண். தோளில் பையோடு, நோயாளியை ஒரு பார்வை பார்த்துப் போகலாம் என்று எட்டிப் பார்த்திருக்கிறாள்.

நடைக்கூடத்திலேயே நியெவெஸ் அதைக் கேட்டாள். கல்மழை. மூன்று நாளாகக் கேட்காத அம்மாவின் சொந்தக் குரல், மூச்சுக்கும் மூச்சுக்கும் நடுவே அடித்துக்கொண்டு, சொற்கள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து. அவள் ஓடினாள். கோட்டு கதவுக் கைப்பிடியில் மாட்டிக்கொண்டது. இழுத்தாள். கிழிந்தது.

கட்டில் ஓரத்தில் ஹாட்லி. அவளுடைய இரண்டு கையும் கசில்தாவின் கைகளுக்குள். கசில்தாவின் கன்னம் நனைந்திருந்தது.

"ஆம்," என்றாள் ஹாட்லி, தலையை நன்றாக ஆட்டி. "ஆம், ஆம். நிச்சயமாக."

கசில்தா பெருமூச்சு விட்டுப் பின்னால் சாய்ந்தாள். சுமையை இறக்கி வைத்தவள் முகம். அப்புறம்தான் வாசலில் நின்ற கோட்டைப் பார்த்தாள்.

"புதுப் பொண்ணா?" என்றாள். "வா... வா. மாலை... வணக்கம்."

கண்ணை மூடிக்கொண்டாள். அதற்குப் பிறகு பேசவில்லை.

நியெவெஸ் ஹாட்லியை நடைக்கூடத்துக்கு இழுத்து வந்து சட்டங்களோடு சாய்த்து நிறுத்தினாள். "என்ன சொன்னாங்க? எங்கம்மா உன்கிட்ட என்ன சொன்னாங்க?"

"திருமதி மிகவும் விரைவாகப் பேசினார்."

"தெரியும். என்ன சொன்னாங்க?"

பயிற்சி நிலையத்து ஸ்பானிய மொழி ஹாட்லியிடம் இஸ்திரி போட்டதுபோல் இருந்தது. ஆனால் இப்போது ஒவ்வொரு சொல்லையும் கிணற்றிலிருந்து இறைக்கவேண்டியிருந்தது. "அவர் 'அறை' என்று கூறினார். 'குளிர்' என்று கூறினார். 'பன்னிரண்டு' என்று கூறினார். பிறகு அழுதார். பிறகு என்னிடம் ஏதோ வினவினார்."

"என்ன கேட்டாங்க?"

"நான் அறியவில்லை."

"ஆமான்னு சொன்னியே!"

"புரியாவிடில் புன்னகைத்து 'ஆம்' என்று கூற வேண்டும். உரையாடல் முறியாது. அவ்வாறு எங்களுக்குக் கற்பித்தார்கள்." அவள் அழுதுகொண்டிருந்தாள்.

"உன் பாஷையிலேயே சொல்லுடி! அந்தப் போர்டு கிடக்கட்டும். இங்கிலீஷ்லயே சொல்லு!"

ஹாட்லி கதவைப் பார்த்தாள், நியெவெஸைப் பார்த்தாள், பிறகு வாசல் அறிவிப்பை மீறி ஆங்கிலத்தில் நிறைய பேசினாள். நியெவெஸுக்கு ஒரு சொல்கூடப் புரியவில்லை. முப்பத்தைந்து வருஷம் ஆங்கிலம் பேசுகிற பிள்ளைகள் படுத்தெழுந்த வீட்டில் ஒருவருக்கும் ஆங்கிலத்தில் தண்ணீர் கேட்கத் தெரியாது. பயிற்சியின் மகத்தான வெற்றி என்று தொன் எவரிஸ்தோ இதை ஆண்டறிக்கையில் குறிப்பிட்டிருக்கிறார்.

"சத்தமாவது ஞாபகமிருக்கா? அவங்க சொன்ன மாதிரியே சொல்லிக் காட்டு. அர்த்தம் வேண்டாம், சத்தம் மட்டும்."

ஹாட்லி கண்ணை இறுக்கி மூடி முயன்றாள். ஒரு வாத்து தகரத்தின்மேல் நடப்பதுபோல் இருந்தது. நியெவெஸ் அவள் வாயருகே காதை வைத்துத் திரும்பத் திரும்பச் சொல்லச் சொன்னாள். ஏழாவது முறை அந்தப் பெண் சொந்தமாக எதையோ சேர்க்கத் தொடங்கியது தெரிந்ததும் விட்டுவிட்டாள்.

அறை. குளிர். பன்னிரண்டு. உன் அறையைப் பிடுங்கி உன்னைக் குளிரில் படுக்கவைத்தேனே, பன்னிரண்டு வயதில், மன்னிப்பாயா என்பதாக இருக்கலாம். மாணவியின் அறையில் குளிர்கிறது, பன்னிரண்டாம் தட்டிலிருந்து கம்பளி எடுத்துக் கொடுக்கிறாயா என்பதாகவும் இருக்கலாம். அலமாரியில் மொத்தம் ஐந்து தட்டுதான். நியெவெஸ் போய் எண்ணிப் பார்த்தாள். கதவின் உட்பக்கத்துச் சின்னத் தட்டுகளையும் சேர்த்து மறுபடி எண்ணினாள்.

ஐந்தேகாலுக்குக் கசில்தாவின் மூச்சு நின்றது. நீலக் கோட்டைக் கழற்ற நியெவெஸுக்குத் தோன்றவேயில்லை, பிரேதத்தை எடுத்துப்போக வந்தவர்கள் அவளிடம், "பாப்பா, வீட்டுல பெரியவங்க யாராவது இருக்காங்களா?" என்று முதுகைப் பார்த்துக் கேட்டு, அவள் திரும்பியதும் மன்னிப்புக் கேட்டார்கள்.

மறுநாள் காலை அஞ்சலிக் கூடத்தில், கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் கசில்தா படுத்திருந்தாள். இந்தப் பக்கம் காப்பி இயந்திரமும் பதினொரு பேரும். ஆளுயர மலர் வளையத்தின் பட்டையில் பொன்னெழுத்து: "உலகெங்கும் வாழும் உங்கள் பிள்ளைகள்." பயிற்சி நிலையம் அனுப்பியது. தொன் எவரிஸ்தோ தொண்டையைச் செருமிக்கொண்டு, யாரும் கேட்காமலேயே உரையாற்றினார்.

"கசில்தா அம்மையார் ஒரு பல்கலைக்கழகம்! அறுபத்தொரு பேருக்குத் தாய்! மொழி என்பது இலக்கணமல்ல நண்பர்களே, மொழி என்பது ஓர் இல்லம்!"

"அறுபத்தொரு பிள்ளை," என்று நியெவெஸின் காதருகே முணுமுணுத்தாள் எலாதியா. "சவப்பெட்டி தூக்க நாலு பேரு இல்ல. உன்னைச் சேர்த்தா அறுபத்திரண்டு ஆச்சே, இந்த ஆளுக்குக் கூட்டல் தெரியாதா?"

நியெவெஸ் ஹாட்லியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பெண் கறுப்புச் சட்டையில், மனப்பாடம் செய்த வாக்கியத்தோடு ஒவ்வொருவராகக் கைகுலுக்கி வந்தாள்: "உங்கள் துயரத்தில் நானும் உடனிருக்கிறேன்." காப்பி இயந்திரத்துக்குப் பால்தூள் நிரப்ப வந்த ஆளிடமும் சொன்னாள். அவன் நன்றி சொன்னான். நியெவெஸ் முன்னால் வந்ததும் வாக்கியம் பாதியில் நின்றுவிட்டது. கண்கள் வீங்கிய ஹாட்லி, சிறு குரலில், அந்தத் தகரச் சத்தத்தை இன்னொரு முறை சொல்லிப் பார்த்தாள்.

"போதும்மா," என்றாள் நியெவெஸ். "போதும். நீ என்ன பண்ணுவ."

தொன் எவரிஸ்தோ அவளை ஓரமாக அழைத்துப்போனார். குரலைத் தாழ்த்திக்கொண்டார். கையில் ஒரு தாள்.

"இந்த நேரத்துல கேக்கக் கூடாதுதான் நியெவெஸ். ஆனா வெள்ளிக்கிழமை ஹாட்லிக்குச் சான்றிதழ் கொடுக்கறோம். தங்கியிருந்த வீட்டுத் தாயார் கையெழுத்து இல்லேன்னா அவங்க பல்கலைக்கழகத்துல ஒத்துக்க மாட்டாங்க. இப்போ... சட்டப்படி... நீங்கதானே வீடு. ஒரே ஒரு கட்டம்தான் பாக்கி."

நியெவெஸ் தாளைக் கண்ணாடிமேல் வைத்துக்கொண்டாள். எழுத வேறு இடமில்லை. தாளுக்கு அந்தப் பக்கம், நெஞ்சில் கை கோத்தபடி, அம்மா.

பேனாவை வாங்கினாள். கட்டத்தை நிரப்பினாள். கையெழுத்துப் போட்டாள்.

வீட்டில் பேசப்படுவதை மாணவி புரிந்துகொள்ளும் திறன்: பத்துக்குப் பத்து.