கழுகாருக்குக் கொடுத்த இரண்டு பென்சில்

உருமறைப்புத் துணி அச்சடிக்கும் ஆலையில் நிறம் பார்க்கிற வேலை லேசுப்பட்டதல்ல. இலைப்பச்சை, கரும்பச்சை, பழுப்பு, மணல் என்று நான்கு நிறங்கள். ஒன்று துளி ஏறினாலும் ராணுவம் மொத்தச் சரக்கையும் லாரியோடு திருப்பி அனுப்பிவிடும். அந்த வேலையைப் பதினோரு வருடமாகப் பார்த்துவந்தவருக்கு ஆலையில் கழுகார் என்று பெயர். அவர் பார்த்து அனுப்பிய துணி ஒரு முழம்கூடத் திரும்பி வந்ததில்லை.

கழுகாருக்குப் பச்சைக்கும் பழுப்புக்கும் வித்தியாசம் தெரியாது. இந்த விஷயம் உலகத்தில் இரண்டே பேருக்குத் தெரியும். ஒருவர் கழுகார். இன்னொருவர் அவர் மனைவி.

கல்யாணமான புதிதில் பச்சைப் போர்வை என்று அவர் ஆசையாக வாங்கி வந்தது செங்கல் நிறத்தில் இருந்தது. மனைவி விழுந்து விழுந்து சிரித்தாள். அவர் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள். அப்போது அவருக்குக் கிடங்கில்தான் வேலை. நிறம் பார்த்துக்கொண்டிருந்தவர் திடீரென்று வேறு ஆலைக்குத் தாவிவிட, முதலாளி கிடங்குக்குள் வந்து கண்ணாடி போடாத ஆள் யார் என்று ஒரு சுற்றுப் பார்த்தார். "நீதான்யா இனிமே" என்று கைகாட்டினார். பூசணிக்காயைத் தட்டிப் பார்த்து வாங்குகிறவர்கூட இன்னும் கொஞ்சம் யோசிப்பார். கழுகார் மறுப்பதற்காகத்தான் வாயைத் திறந்தார். சம்பளம் கூடுகிறது என்று காதில் விழுந்ததும் திறந்த வாய் நன்றி சொல்லிவிட்டு மூடிக்கொண்டது.

நல்லவேளையாக மனைவிக்கும் அதே ஆலையில், சாம்பிள் அறையில் வேலை. ஒவ்வொரு உருளையிலிருந்தும் உள்ளங்கையளவு துண்டு வெட்டி நிறம் பார்க்க அனுப்புவது அவள் பொறுப்பு. அனுப்புவதற்கு முன் ராணுவம் கொடுத்த மூலத்துண்டோடு அவளே ஒத்துப்பார்ப்பாள். துண்டின் மூலையில் ஒரு நூலைக் கோத்து முடிச்சுப் போடுவாள். ஒரு முடிச்சு என்றால் சரி. இரண்டு என்றால் அடர்த்தி அதிகம். மூன்று என்றால் சிவப்பு ஏறியிருக்கிறது.

கழுகார் துண்டை ஜன்னலுக்குக் கொண்டுபோவார். தூக்கிப் பிடிப்பார். மோந்து பார்ப்பார். கண்ணை மூடிக்கொண்டு கட்டைவிரலால் மூலையைத் தடவுவார். பிறகுதான் தீர்ப்பு. விரலாலேயே நிறம் பார்க்கிறார் என்று ஆலை முழுக்கப் பேச்சாகிவிட்டது. அச்சு மேஜைக்காரர்களும் துணியின் மூலையைத் தடவிவிட்டுத் தலையாட்டத் தொடங்கினார்கள். சரக்கு எடுக்க வந்த ஒரு வியாபாரி பார்த்துவிட்டுப் போய், தன் கடை ஆட்களுக்கும் தடவச் சொல்லிக்கொடுத்தார்.

"தடவறது சரி, மோந்து வேற எதுக்குப் பாக்கறீங்க? மண்ணெண்ணெய் நாத்தம்தானே வரும்?" என்று மனைவி ஒருநாள் கேட்டாள்.

"வெறுமனே தடவுனா சந்தேகம் வருமில்ல."

இப்படியே ஓய்வு பெற்றுவிடலாம் என்றுதான் இருவரும் நினைத்திருந்தார்கள். புது அச்சு வந்து கெடுத்தது.

பெரிய பெரிய திட்டுகளாகக் கரும்பச்சை போட்ட புது வகை. முதலாளியே பக்கத்தில் உட்கார்ந்து வரையச் செய்தது. உடுப்புக்கு மட்டுமல்ல, ஓடுதளத்தில் நிற்கும் விமானங்களை மூடுகிற உறைக்கும் அதே அச்சுதான் என்று ராணுவம் சொல்லியிருந்தது. ஒரு சோதனை மட்டும் பாக்கி. எட்டு சிப்பாய்கள் அந்த உடுப்பைப் போட்டுக்கொண்டு புதர்மேட்டில் ஒளிவார்கள். இருநூறு அடி தள்ளி நின்று மூன்று பேர் கால்மணி நேரம் தேட வேண்டும். மேட்டின் படம் வரைந்த தாள் ஒன்றும் இரண்டு பென்சிலும் கொடுப்பார்கள். நிச்சயமாகத் தெரிந்த இடத்தில் சிவப்பு, சந்தேகமான இடத்தில் பச்சை. யாராவது ஒருவர் மூன்று பேரைச் சிவப்பில் சரியாகக் குறித்துவிட்டால் அச்சு தோற்றது.

தேடுகிறவர்கள் மூவரும் ராணுவ ஆட்களாகத்தான் இருப்பது வழக்கம். ஆனால் முதலாளி சந்தையில் வளர்ந்தவர். வாங்குகிறவன் குறை சொல்வதற்கு முன் தானே ஒரு குறை தேடுவதுபோலக் காட்டினால் அவன் வாய் அடைபடும் என்பது அவருக்குப் பாலோடு வந்த பாடம். "மேஜர் சார், உங்க ஆளுங்க ரெண்டு பேரு போதும். மூணாவது ஆளா எங்க கழுகார் வரட்டும். சொந்த வீட்டுப் பொண்ணுக்கே குறை சொல்ற மனுஷன். அவர் கண்ணுக்குத் தப்பிச்சா யார் கண்ணுக்கும் தப்பிக்கும்" என்று சொல்லி ஒத்துக்கொள்ள வைத்துவிட்டார்.

வீட்டில் மனைவி கையைப் பிசைந்தாள். "வயித்து வலின்னு படுத்துடுங்க."

"முதலாளியே கார்ல கூட்டிட்டுப் போறாராம். டாக்டர்கிட்டயும் அவரே கூட்டிட்டுப் போயிடுவாரு."

"அப்ப ஒண்ணு பண்ணுங்க. ஒண்ணுமே தெரியலன்னு வெறும் தாளைக் குடுத்துட்டு வாங்க. எல்லாரும் அதைத்தானே எதிர்பாக்கறாங்க. மேட்டுல போயி நான் முடிச்சுப் போட முடியுமா?"

காரில் முதலாளியும் ஏறக்குறைய அதையே சொன்னார். "நல்லாத் தேடுய்யா. வேர்க்க விறுவிறுக்கத் தேடு. கண்டுபிடிச்சே ஆகணும்னு யாரும் உன்னைக் கட்டாயப்படுத்தல."

பயிற்சித் திடலின் கோடியில் மேஜை போட்டிருந்தார்கள். எதிரே காய்ந்த புல்லும் புதருமாக ஒரு சரிவு. மேஜர் ஒல்லியான மனிதர். அதிகம் பேசாமல் தாளையும் பென்சிலையும் கொடுத்துவிட்டு நகர்ந்தார். கழுகார் கையிலிருந்த பென்சில்களைப் பார்த்தார். இரண்டும் விரல் நீளத்துக்குத் தேய்ந்த துண்டுகள், மேல்வர்ணம் செதுக்கிப் போனவை. முனைகள் இரண்டும் அவருக்கு ஒரே நிறம். நிறம் பார்க்கிறவர் எது சிவப்பு என்று யாரிடம் கேட்பது? வெறும் தாளைத்தானே கொடுக்கப் போகிறோம் என்று தேற்றிக்கொண்டு மேட்டைப் பார்த்தார்.

பார்த்தவர் மறுபடியும் பார்த்தார்.

பக்கத்தில் இரண்டு ராணுவக்காரர்களும் கண்ணைக் கசக்கிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு மேடு முழுக்கப் பச்சையும் பழுப்புமாகக் குழம்பிக் கிடந்தது. கழுகாருக்கு அந்தக் குழப்பமே இல்லை. மேடு மொத்தமும் ஒரே மங்கல். அந்த மங்கலில் அங்கங்கே கரிக்கட்டை போட்டதுபோலக் கறுப்புத் திட்டுகள். இரண்டு திட்டு சேர்ந்தால் ஒரு தோள். அதற்கு மேலே ஒரு தலை. அதோ ஒருவன் குப்புறப் படுத்திருக்கிறான். அதோ ஒருவன் முழங்காலைக் கட்டிக்கொண்டிருக்கிறான்.

பதினோரு வருடத்தில் முதல்முறையாக யாரும் முடிச்சுப் போட்டுக் கொடுக்காமல் அவர் கண்ணுக்கு ஒன்று தெரிந்தது. அந்தச் சந்தோஷத்தில் மனைவி சொன்னது மறந்தது, முதலாளி சொன்னது மறந்தது. கைக்கு வந்த பென்சிலை எடுத்து மடமடவென்று ஏழு பேரைக் குறித்தார். எட்டாமவனைத் தேடும்போதுதான் விசில் ஊதினார்கள். அப்போதுதான் தான் என்ன செய்தோம் என்பது உறைத்தது.

சிப்பாய்கள் எழுந்து, முட்டியைத் தட்டிக்கொண்டு இறங்கி வந்தார்கள். மேஜர் மூன்று தாள்களையும் விரித்தார். ராணுவக்காரர்கள் ஆளுக்கு ஒருவரைக் கண்டுபிடித்து, ஒரு பாறையையும் ஆளென்று குறித்திருந்தார்கள். கழுகாரின் தாளை மேஜர் இரண்டுமுறை பார்த்தார். மேட்டையும் பார்த்தார்.

"ஏழு இடமும் சரியா இருக்கு."

முதலாளியின் முகம் தொங்கியது. ஒரு கணம்தான். தாளை எட்டிப் பார்த்தவர் நிமிர்ந்துவிட்டார். "சார், நிறத்தைப் பாருங்க. ஏழும் பச்சை. சந்தேகம்தானே சார் இது? சந்தேகம்னா யாரு வேணா எங்க வேணா படுவாங்க. நான்கூட என் சம்பந்திமேல ஏழு தடவை சந்தேகப்பட்டிருக்கேன். சிவப்பு ஒண்ணுகூட இல்ல. உங்க விதி, நான் போட்டதில்ல."

மேஜர் நெற்றியைச் சொறிந்தார். "விதிப்படி பார்த்தா பாஸ்தான்." பிறகு கழுகாரின் பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்க. இது சந்தேகம்தானா?"

தலையை ஆட்டினால் போதும். வாய்கூடத் திறக்க வேண்டாம். அச்சு பாஸ், வேலை பத்திரம், மனைவியின் முடிச்சும் பத்திரம். கழுகார் தலையாட்டத்தான் போனார்.

மேஜைக்குப் பக்கத்தில் சிப்பாய்கள் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களில் குட்டையான ஒருவன், தலைமுடியில் ஒட்டிய புல்லை எடுத்தபடி கழுகாரைப் பார்த்துச் சிரித்தான். "என்னண்ணே, நான் தெரிஞ்சனா? மூக்கு அரிச்சிது, சொறியாம அடக்கிட்டுக் கெடந்தேன்."

இடதுபக்கம் மூன்றாவது புதருக்குக் கீழே குப்புறப் படுத்திருந்தவன் அவன்தான். கழுகார் முதலில் பார்த்ததே அவனைத்தான். மூக்கைச் சொறிந்திருந்தாலும் ஒன்றுதான், சொறியாவிட்டாலும் ஒன்றுதான்.

"சந்தேகமில்ல சார்" என்றார் கழுகார். "ஏழு பேரும் எனக்கு நல்லாத் தெரிஞ்சாங்க. பென்சில்தான் தெரியல."

"புரியல."

"எது சிவப்பு, எது பச்சைன்னு எனக்குத் தெரியாது சார். பொறந்ததுலேர்ந்தே."

முதலாளி சிரித்தார். யாரும் கூடச் சிரிக்காததால் நிறுத்தினார். "யோவ், வெயில் தலைக்கு ஏறிடுச்சா? இவர் எங்க நிறம் பாக்கறவர் சார்."

கழுகார் முதலாளியைப் பார்க்காமல் மேஜரிடமே பேசினார். "பச்சையும் பழுப்பும் எனக்கு ஒண்ணு சார். அதனால வெளிச்சம், இருட்டு மட்டும்தான் எனக்கு மிச்சம். மேட்டுல அவ்வளவு கறுப்பா எதுவும் இல்ல. எங்க கரும்பச்சை மட்டும் துணியில ஓட்டை விழுந்தமாதிரி தனியாத் தெரியுது."

முதலாளி மறுபடியும் பேரத்துக்கு வந்தார். "சரி, இருக்கட்டும். எதிரிப் படையில இவரை மாதிரி எத்தனை பேர் சார் இருப்பாங்க? ஒருத்தன், ரெண்டு பேரு. அதுக்காக ஒரு அச்சையே தள்ளுவீங்களா?"

"பொழுது சாஞ்சு நிறம் மங்கிட்டா எல்லார் கண்ணும் இவர் கண்ணுதான்" என்றார் மேஜர். "எனக்கும் அப்ப பச்சை தெரியாது, உங்களுக்கும் தெரியாது. கறுப்புத் திட்டு மட்டும் தெரியும். உறை போட்ட விமானத்தை மேலேர்ந்து ஒருத்தன் அந்த நேரத்துல பாத்தா?" தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். "மாத்திட்டு வாங்க. மறுபடியும் பாக்கலாம்."

குட்டைச் சிப்பாய் தன் சட்டையின் கரும்பச்சைத் திட்டை ஒருமுறை குனிந்து பார்த்துக்கொண்டான்.

திரும்பும்போது பாதி வழிவரை முதலாளி விரல்விட்டு நஷ்டத்தைக் கணக்குப் போட்டுக்கொண்டு வந்தார். கார் ஓட்டுநர் இரண்டுமுறை கண்ணாடியில் அவரைப் பார்த்தார்.

"நாளைலேர்ந்து வராத" என்றார் கடைசியில்.

"சரிங்க முதலாளி."

ரயில்வே கேட்டில் கார் நின்றது. முதலாளிக்கு அப்போதுதான் ஒரு கணக்கு இடித்தது. "இரு. உனக்குத்தான் ஒண்ணும் தெரியாதே. பதினோரு வருஷமா என் சரக்கைப் பாத்து அனுப்புனது யாரு?"

கழுகார் முடிச்சுக் கதையைச் சொன்னார். மனைவியின் வேலையும் போகும் என்று தெரிந்தேதான் சொன்னார். சொல்லும்போது விரல் தானாகக் கைக்குட்டையின் மூலையைத் தடவியது.

"சாம்பிள் ரூம்ல துணி வெட்டற அந்த அம்மாவா?" முதலாளி கண்ணை மூடிக்கொண்டார். "நானும் ஊரெல்லாம் போயி என் ஆளு விரலாலயே நிறம் பாப்பான்னு பெருமையடிச்சிருக்கேனே. நானே தடவிப் பாத்திருக்கேன்யா, வீட்ல, ஜன்னல் திரையை."

கேட் திறந்தது. இன்னும் கொஞ்ச தூரம் போன பிறகு முதலாளியின் குரல் இறங்கியது. வழக்கமாகச் சரக்கு கைவிட்டுப் போகப்போகிறது என்று தெரியும்போது இறங்குகிற குரல்.

"புது அச்சை மேட்டுக்குக் கொண்டுபோறதுக்கு முன்னால, அந்தக் கறுப்பு ஓட்டை இருக்கா இல்லயான்னு எனக்கு யாரு பாத்துச் சொல்லுவா?"

கழுகார் ஜன்னல் வழியே வெளியே வேடிக்கை பார்த்தார். பேரத்தில் முதலில் பேசுகிறவன் இறங்க வேண்டியிருக்கும் என்பதை அவரும் இத்தனை வருடத்தில் கற்றிருந்தார்.

"நாளைக்கு வா" என்றார் முதலாளி. "உன் வீட்டுக்காரம்மாவையும் நேரா என் ரூமுக்கு வரச் சொல்லு."

அடுத்த வாரம் ஜன்னலோரத்து மேஜை கழுகாரின் மனைவிக்குப் போனது. கழுகாருக்குக் கிடங்கின் கோடியில் ஓர் இடம். அங்கே அச்சடித்த துணியை இருநூறு அடி தள்ளித் தொங்கவிட்டு, எந்தத் திட்டு கண்ணில் குத்துகிறது என்று சொல்வார். கறுப்பை மூன்றுமுறை குறைத்த பிறகுதான் அவருக்குத் துணி பின்சுவரோடு கரைந்தது.

முதல்நாள் மேஜையில் உட்கார்ந்த மனைவி வந்த துண்டை எடுத்து, மூலத்துண்டின்மேல் வைத்து, "சிவப்பு ஏறியிருக்கு, திருப்பியனுப்புங்க" என்று அரை நிமிடத்தில் முடித்துவிட்டாள். ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்த முதலாளி பக்கத்தில் வந்து குனிந்தார்.

"ஏம்மா, சரியாத்தான் சொல்றீங்க, நான் இல்லன்னு சொல்லல. ஆனா சரக்கு எடுக்க ஆளுங்க வந்து நிக்கும்போது இவ்வளவு சீக்கிரம் பாத்தா நம்பமாட்டாங்க. கொஞ்சம் ஜன்னல்கிட்ட போயி, ரெண்டு தடவை மோந்து பாருங்களேன்."

அவள் கிடங்குப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். தொங்கும் துணிக்கு எதிரே, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, ஒருவர் கண்ணை இடுக்கிப் பார்த்தபடி நின்றிருந்தார்.

"அதெல்லாம் அவருக்குத்தான் வரும், முதலாளி" என்றாள். அடுத்த துண்டை எடுத்தாள்.